ஓட்டுநர் இருக்கையைக் காலியாக்கும் கல்வி

மனிதக் கை படாமலே ஸ்டியரிங் திரும்பி, சிவப்பு விளக்கில் நின்று, பச்சை விளக்கில் புறப்பட்டுச் செல்லும் ஊர்தியை உருவாக்கும் பொறியாளர் எந்தப் படிப்பைப் படித்து அத்துறைக்குள் வருகிறார் என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. அதற்கெனத் தனிப் பட்டப் படிப்பு நெடுங்காலம் இருந்ததில்லை. இத்துறையின் முன்னோடிகள் சிலரது கல்வியைப் பார்த்தால் சிவில் பொறியியல், கணினிப் பொறியியல், மின்பொறியியல், கணினி அறிவியல் எனப் பல துறைகள் தென்படுகின்றனவே தவிர, மோட்டார் வாகனப் பொறியியல் அரிதாகவே தென்படுகிறது. வெவ்வேறு வாயில்கள் வழியே உள்ளே வந்த அவர்களை ஒன்றாகப் பிணைப்பது பட்டத்தின் பெயரன்று. தாம் செய்த இயந்திரம் வெளியுலகில் எந்த இடத்தில் பிசகியது என்பதை நேரில் நின்று பார்த்து, அந்தப் பிசகிலிருந்தே அடுத்த கேள்வியை எடுத்துக்கொண்ட பழக்கம்தான் அவர்களின் பொதுக் கல்வி.

கனடாவைச் சேர்ந்த கிறிஸ் அர்ம்சன் என்னும் பொறியாளரின் பாதை இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. 1998இல் மானிட்டோபா பல்கலைக்கழகத்தில் கணினிப் பொறியியலில் இளநிலைப் பட்டம் பெற்ற அவர், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரிலுள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ரோபாட்டிக்ஸ் துறையில் 2005இல் முனைவர் பட்டம் பெற்று, 2009இல் கூகுள் நிறுவனத்தின் ஓட்டுநரில்லாக் கார் திட்டத்தில் சேர்ந்து பின்னர் அதன் தலைவராகி, 2017இல் இருவரோடு சேர்ந்து அரோரா என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். இந்தப் பாதையை ஒரு தனிமனிதரின் உயர்வாகப் பார்ப்பதைவிட, ஒரு தொழில்நுட்பம் தன் முதன்மைக் கேள்வியை மூன்று முறை மாற்றிக்கொண்ட வரலாறாகப் பார்ப்பதே பயன் தரும். ஊர்தி ஓடுமா என்பது முதற்கேள்வி. பிற ஊர்திகளின் நடுவே ஓடுமா என்பது இரண்டாவது. உள்ளே அமர்ந்திருக்கும் மனிதருக்கும் அதற்கும் இடையே பொறுப்பு எவ்வாறு பகிரப்படும் என்பது மூன்றாவது. அது பாதுகாப்பானது என்று பிறர் ஏற்கும்படி நிறுவுவது எவ்வாறு என்பது நான்காவது.

இயந்திரம் அறிய வேண்டியவை

தானே ஓடும் ஊர்தி ஒரு நொடிக்குள் பலமுறை சிலவற்றைத் தீர்மானித்தாக வேண்டும். தான் இருக்கும் இடம் எது, சுற்றிலும் இருப்பவை எவை, அவை அடுத்த சில நொடிகளில் எங்கே நகரக்கூடும், அதற்கேற்பத் தான் செய்ய வேண்டியது என்ன என்பனவே அவை. இவை ஒவ்வொன்றின் பின்னாலும் பொறியியல் மாணவர்கள் ஏற்கெனவே படிக்கும் பாடங்கள் இருக்கின்றன.

இருப்பிடத்தை அறிய ஜிபிஎஸ் மட்டும் போதாது. சாதாரணக் கருவியில் அது சில மீட்டர்கள் பிழைபடும், சுரங்கப்பாதையில் முற்றிலும் மறைந்துபோகும். எனவே சக்கரம் சுற்றிய கணக்கு, ஊர்தி திரும்பிய கோணம், சுற்றுப்புறத்தின் அடையாளங்கள் ஆகிய அனைத்தையும் சேர்த்து இருப்பிடம் கணிக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவீட்டையும் அதன் நம்பகத்தன்மைக்கேற்ப எடையிட்டு ஒன்றாக்கும் முறையை ருடால்ஃப் கால்மன் 1960இல் வகுத்தார். கால்மன் வடிகட்டி என்று வழங்கும் அம்முறையைப் புரிந்துகொள்ள நேரியல் இயற்கணிதமும் நிகழ்தகவும் தெரிந்திருக்க வேண்டும். சுற்றியிருப்பவற்றைக் காண, லேசர் ஒளித்துடிப்பை அனுப்பி அது பொருளில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு தொலைவை அளக்கும் லைடார், அதே வேலையை வானொலி அலையால் செய்யும் ரேடார், நிறத்தையும் எழுத்தையும் அறியும் கேமரா ஆகியவை சேர்ந்து உழைக்கின்றன. எடுத்த முடிவை ஸ்டியரிங்கும் பிரேக்கும் துல்லியமாக நிறைவேற்றுவது கட்டுப்பாட்டுப் பொறியியலின் பணி. இப்பாடங்களை நல்ல பொறியியல் கல்லூரி எதிலும் படிக்கலாம். ஆனால் லைடாரின் கண்ணாடியில் படியும் புழுதியையும், மாலை வெயில் நேரே விழுந்து கண் கூசும் கேமராவையும் வகுப்பறையில் சந்திக்க முடியாது. அதற்குத் தனியான ஒரு பள்ளி தேவைப்பட்டது.

பிட்ஸ்பர்க் பள்ளி

கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ரோபாட்டிக்ஸ் நிறுவனம் 1979இல் தொடங்கப்பட்டபோது அதன் முதல் இயக்குநராகப் பொறுப்பேற்றவர் ராஜ் ரெட்டி. சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் 1958இல் பட்டம் பெற்று, ஆஸ்திரேலியாவிலும் பின்னர் ஸ்டான்ஃபோர்டிலும் படித்த அவர், பேச்சைப் புரிந்துகொள்ளும் கணினிகளை உருவாக்கிய முன்னோடி. கணினித் துறையின் மிக உயரிய விருதான டூரிங் விருதை 1994இல் எட்வர்ட் ஃபெய்கன்பாமுடன் பகிர்ந்துகொண்டவர். இயந்திரம், மின்னணுவியல், கணினி ஆகிய துறைகளை ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவந்த அந்த நிறுவனம், பின்னாளில் ஓட்டுநரில்லா ஊர்திகளின் நாற்றங்காலாயிற்று.

அங்கே ஆய்வுக்கூடத்தின் கதவைத் திறந்து ரோபாட்டுகளை வெளியே கொண்டுசென்றவர் வில்லியம் விட்டேக்கர். மாணவர்களால் 'ரெட்' என்று அழைக்கப்பட்டவர். சிவில் பொறியியலில் முனைவர் பட்டம் பெற்றிருந்த அவர், 1979இல் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் நேர்ந்த விபத்துக்குப் பின், கதிரியக்கம் காரணமாக மனிதர் நுழைய முடியாத அடித்தளத்தை ஆய்வுசெய்யவும் துப்புரவாக்கவும் ரோபாட்டுகளைச் செய்து கொடுத்தார். பழுதானால் போய் எடுத்துவர முடியாத இடத்துக்கு ஓர் இயந்திரத்தை அனுப்பும் பொறியாளர், அது எப்படியெல்லாம் பழுதாகும் என்பதை முன்கூட்டியே எண்ணிப் பார்த்தாக வேண்டும் என்ற பண்பாடு அங்கே இவ்வாறுதான் வேரூன்றியது.

அர்ம்சன் முனைவர் பட்ட மாணவராக விட்டேக்கரின் குழுவில் சேர்ந்து, சூரிய ஒளியைத் தொடர்ந்தே நகரும் ஹைப்பீரியன் என்ற ரோபாட்டில் பணியாற்றினார். வேற்றுக்கோள் ஆய்வுக்கான முன்னோட்டமாக 2001இல் அது கனடாவின் வடகோடியிலுள்ள டெவன் தீவில் சோதிக்கப்பட்டது. செவ்வாய்க்கும் பூமிக்கும் இடையே ஒரு செய்தி செல்லவே பல நிமிடங்கள் ஆகும் என்பதால், எதிரே பாறை தென்படும்போது பூமியிலிருந்து கட்டளை வரும்வரை அத்தகைய ஊர்தி காத்திருக்க முடியாது. தானே கண்டு தானே விலக வேண்டும். நகரச் சாலைக்கும் செவ்வாய்த் தரைக்கும் தொடர்பில்லை என்று தோன்றினாலும், கேள்வி இரண்டிலும் ஒன்றுதான்.

சரியாக ஓட்டுவதை மட்டும் பார்த்துக் கற்றால்

விட்டேக்கரின் வழிக்கு இணையாக அதே நிறுவனத்தில் 'நேவ்லேப்' என்ற பெயரில் ஊர்திகளைச் சாலையில் ஓட்டும் ஆய்வு 1980களிலேயே நடந்துகொண்டிருந்தது. அக்குழுவின் டீன் பொமர்லோ 1989 வாக்கில் உருவாக்கிய ஆல்வின் என்ற மென்பொருள், விதிகளை ஒவ்வொன்றாக எழுதிக் கொடுப்பதற்குப் பதிலாக, மனிதர் ஓட்டுவதைப் பார்த்து ஓட்டக் கற்றது. மூளையின் நரம்பணுக்கள் இணைந்திருக்கும் முறையை மிக எளிய வடிவில் பின்பற்றும் நரம்பு வலைப்பின்னல் என்னும் கணித அமைப்பே அதன் அடிப்படை. இதன் வழிவந்த ஆய்வின் உச்சமாக, 1995இல் பொமர்லோவும் டாட் ஜோக்கமும் பிட்ஸ்பர்க்கிலிருந்து கலிஃபோர்னியாவின் சான் டியேகோ வரை சுமார் 4,500 கிலோமீட்டர் பயணம் செய்தபோது, தொலைவில் 98 விழுக்காட்டுக்கு மேல் ஸ்டியரிங்கைக் கணினியே திருப்பியது. வேகத்தையும் பிரேக்கையும் மட்டும் மனிதர்கள் கவனித்துக்கொண்டனர்.

ஆல்வினைப் பயிற்றுவிக்கையில் பொமர்லோ எதிர்கொண்ட ஒரு சிக்கல் இத்துறை முழுமைக்கும் பொருந்துவது. நன்றாக ஓட்டும் மனிதர் எப்போதும் சாலையின் சரியான இடத்திலேயே செல்கிறார். அவரை மட்டுமே பார்த்துக் கற்கும் இயந்திரம், தான் சற்றே ஓரம் ஒதுங்கிவிட்டால் எவ்வாறு மீள்வது என்பதை ஒருபோதும் கண்டிருக்காது. சிறு விலகல் பெரிய விலகலாகி ஊர்தி சாலையை விட்டே வெளியேறும். அதனால் அவர், எடுத்த படங்களைக் கணினியில் இடமும் வலமும் நகர்த்தி, ஊர்தி விலகிச் சென்றிருந்தால் காட்சி எவ்வாறு இருந்திருக்கும் என்பதைச் செயற்கையாக உருவாக்கி, அங்கிருந்து மீளும் வழியையும் கற்பித்தார். பின்னாளில் அர்ம்சனுடன் அரோராவைத் தொடங்கிய ட்ரூ பாக்னெல், இதே சிக்கலுக்குப் பொதுவான கணிதத் தீர்வைத் தம் சக ஆய்வாளர்களுடன் 2011இல் வெளியிட்டார்: கற்கும் இயந்திரத்தைத் தன் போக்கில் ஓடவிட்டு, அது எங்கெல்லாம் தவறிப் போகிறதோ அங்கெல்லாம் ஆசான் என்ன செய்திருப்பார் என்பதைக் கேட்டுச் சேர்த்துக்கொள்வதே அதன் சாரம். விலகலைக் காணாத கல்வி முழுமையானதன்று என்னும் இந்த முடிவு இயந்திரத்துக்குச் சொல்லப்பட்டது. அதை உருவாக்கிய பொறியாளர்களின் வாழ்வும் அதையேதான் மெய்ப்பித்தது.

பாலைவனத்தில் இரண்டு தேர்வுகள்

2015ஆம் ஆண்டுக்குள் தரைப்படை ஊர்திகளில் மூன்றில் ஒரு பங்கு ஆளில்லாமல் இயங்க வேண்டும் என்ற இலக்கை அமெரிக்க நாடாளுமன்றம் வகுத்திருந்தது. அதை விரைவுபடுத்த, அந்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் உயர்ஆய்வு அமைப்பான டார்பா ஒரு பந்தயத்தை அறிவித்தது. மோஹாவே பாலைவனத்தில் 228 கிலோமீட்டர் தொலைவைத் தொலைக்கட்டுப்பாடு எதுவுமின்றித் தானே கடக்கும் ஊர்திக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு. விட்டேக்கரின் 'ரெட் டீம்' ஒரு ஹம்வி ராணுவ ஊர்தியைச் சாண்ட்ஸ்டார்ம் என்ற பெயரில் உருமாற்ற, அர்ம்சன் அதன் தொழில்நுட்பப் பொறுப்பை ஏற்றார். பந்தயத்துக்குச் சில வாரங்களுக்கு முன் சோதனை ஓட்டத்தில் ஊர்தி கவிழ்ந்து உணரிகள் சேதமடைந்தன. அவற்றைச் சீராக்கியும் முழுமையாக அளவுதிருத்தம் செய்ய நேரம் போதவில்லை.

2004 மார்ச் 13 அன்று நடந்த அப்பந்தயத்தில் எந்த ஊர்தியும் முடிவிடத்தை எட்டவில்லை. மிகத் தொலைவு சென்ற சாண்ட்ஸ்டார்மும் 12 கிலோமீட்டரை எட்டுமுன், ஒரு கொண்டை ஊசி வளைவில் தடத்தை விட்டு இறங்கி, அடிப்பாகம் மேட்டில் தட்டி, சக்கரங்கள் அந்தரத்தில் சுழன்று புகைய நின்றுபோயிற்று. பாதையின் புள்ளிகள் பந்தயத்துக்கு இரண்டு மணி நேரம் முன்புதான் தரப்பட்டன. அவற்றை நிலப்படங்களோடும் வான்படங்களோடும் ஒப்பிட்டு, பாதையை முன்கூட்டியே நுணுக்கமாகத் தீட்டிக் கொடுப்பதில் ரெட் டீம் பெரும் உழைப்பைச் செலுத்தியிருந்தது. வரைபடத்தை நம்பும் அளவுக்குக் கண்ணை நம்பும் திறன் அந்த இயந்திரத்துக்கு வாய்க்கவில்லை என்பதே அந்த வளைவு தந்த பாடம்.

அடுத்த ஆண்டு அக்டோபர் 8 அன்று 212 கிலோமீட்டர் பாதையில் மீண்டும் நடந்த பந்தயத்தில் ஐந்து ஊர்திகள் முழுத் தொலைவையும் கடந்தன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஸ்டான்லி 6 மணி 54 நிமிடத்தில் வென்றது. சாண்ட்ஸ்டார்ம் 11 நிமிடம் பிந்தி இரண்டாவதாகவும், அதே குழுவின் ஹைலாண்டர் மூன்றாவதாகவும் வந்தன. லேசர் அளந்து பாதுகாப்பானது என்று உறுதிசெய்த அருகிலுள்ள தரையின் நிறத்தையும் இழைவையும் பார்த்துக்கொண்டு, அதைப் போன்றே தோன்றும் தொலைதூரத் தரையும் பாதுகாப்பானதே என்று உடனுக்குடன் கற்றுக்கொள்ளும் முறை ஸ்டான்லியில் இருந்தது. வென்ற குழுவை நடத்திய செபாஸ்டியன் த்ரன் 2003 வரை கார்னகி மெலனில் பேராசிரியராக இருந்தவர். அதன் மென்பொருளை முன்னின்று உருவாக்கிய மைக் மாண்டெமெர்லோ அங்கேயே முனைவர் பட்டம் பெற்றவர். தோற்றதும் வென்றதும் ஒரே பள்ளியின் இரு கிளைகள்தாம்.

ஹைலாண்டர் நெடுந்தொலைவு முன்னணியில் சென்று, பின்னர் காரணம் புலப்படாமல் விசை குறைந்து பிந்தியது. என்ஜினின் கட்டுப்பாட்டு மின்சுற்றுக்கும் எரிபொருள் தெளிப்பானுக்கும் இடையிலிருந்த ஒரு சிறு வடிகட்டி பழுதடைந்திருந்ததே காரணம் என்பது 2017இல், அதாவது பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துத் தற்செயலாகத் தெரியவந்தது. செயற்கை அறிவில் எவ்வளவு முன்னேறினாலும் ஊர்தி என்பது இரும்பும் கம்பியும் சேர்ந்த பொருளே என்பதை மென்பொருள் பொறியாளர் மறக்கலாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. அப்பந்தயம் நடந்த 2005ஆம் ஆண்டிலேயே அர்ம்சனின் முனைவர் பட்ட ஆய்வும் நிறைவடைந்தது.

ஊருக்குள் வந்த ஊர்தி

பாலைவனத்தில் பாறை நகராது. ஊருக்குள் எதிரே வருவது நகரும். நாற்சந்தியில் தன் முறைக்குக் காத்திருக்க வேண்டும். நின்றுபோன ஊர்தியைச் சுற்றிச் செல்ல வேண்டும். டார்பா 2007 நவம்பர் 3 அன்று கலிஃபோர்னியாவின் விக்டர்வில்லில், கைவிடப்பட்ட ஒரு விமானப்படைத் தளத்தின் தெருக்களில் நடத்திய நகரப் பந்தயம் இவற்றையே சோதித்தது. இறுதிச்சுற்றுக்கு வந்த 11 ஊர்திகளில் ஆறு முடித்தன. கார்னகி மெலன், ஜெனரல் மோட்டார்ஸ் முதலியோர் கூட்டாக உருவாக்கிய பாஸ் என்ற செவர்லே டஹோ ஊர்தி முதலிடம் பெற்று இருபது லட்சம் டாலர் பரிசை வென்றது. அர்ம்சன் அதன் தொழில்நுட்ப இயக்குநர்.

பாஸ் வென்றதற்குப் புதிய கண்டுபிடிப்பைவிட ஒரு பழக்கமே பெரிய காரணம். மென்பொருளில் ஒரு பிழையைத் திருத்தும்போது, முன்பு சரியாக இருந்த வேறொன்று கெட்டுவிடக்கூடும். அதனால் ஒவ்வொரு திருத்தத்துக்குப் பின்னும் பழைய சோதனைகள் அனைத்தையும் மறுபடி நடத்திப் பார்க்கும் முறையை அக்குழு இடைவிடாமல் பின்பற்றியது. பின்னடைவுச் சோதனை என்று சொல்லத்தக்க இம்முறையில் கவர்ச்சி ஏதுமில்லை. ஆனால் மாணவர் திட்டத்தையும் தொழிற்பொறியியலையும் பிரிக்கும் கோடு அங்கேதான் இருக்கிறது. அவ்வளவு ஆயத்தத்துக்குப் பின்னும், பந்தய நாளன்று காட்சிக்காக வைக்கப்பட்ட மாபெரும் மின்திரையின் குறுக்கீட்டால் பாஸின் ஜிபிஎஸ் முடங்கி, திரையை அணைத்த பின்பே அது புறப்பட முடிந்தது.

அந்தப் பந்தயக் குழுவில் மற்றொரு வாயில் வழியே வந்தவர் பேராசிரியர் ரகுநாதன் ராஜ்குமார். கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் 1984இல் பட்டம் பெற்று, கார்னகி மெலனில் 1989இல் முனைவரான அவரது துறை நிகழ்நேரக் கணினியியல். அதாவது, விடை சரியாக இருப்பதோடு குறித்த நேரத்துக்குள்ளும் வந்தாக வேண்டிய கணினி அமைப்புகளைப் பற்றிய அறிவு. பிரேக் போட வேண்டும் என்ற முடிவு ஒரு நொடி பிந்தி வந்தால் அது தவறான முடிவே. பல பணிகளைச் செய்யும் கணினியில், முக்கியமற்ற பணி ஒன்று பொதுவான வளத்தைப் பிடித்துவைத்துக்கொள்ள, மிக முக்கியமான பணி அதற்காகக் காத்துக்கிடக்கும் நிலை நேரும். அப்போது வளத்தை வைத்திருக்கும் சிறிய பணிக்குப் பெரிய பணியின் முன்னுரிமையைத் தற்காலிகமாக வழங்கி விரைந்து முடிக்கச் செய்யும் விதிகளை, லூயி ஷா, ஜான் லெஹாக்ஸ்கி ஆகியோருடன் சேர்ந்து 1990இல் அவர் வெளியிட்டார். 1997இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலத்தின் கணினி இதே சிக்கலால் மீண்டும் மீண்டும் தன்னைத்தானே மறுதொடக்கம் செய்துகொண்டபோது, அத்தகைய முன்னுரிமை வழங்கலைப் பூமியிலிருந்து இயக்கியே அது சரிசெய்யப்பட்டது. பின்னர் தானே ஓடும் ஊர்திகள் பக்கம் முழுமையாகத் திரும்பிய ராஜ்குமாரின் குழு, 2013இல் ஒரு காடிலாக் காரை, அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரை ஏற்றிக்கொண்டு, பிட்ஸ்பர்க் விமான நிலையம் வரை 50 கிலோமீட்டருக்கு மேல் தானே ஓடச் செய்தது. ஓட்டுநரில்லா ஊர்தி என்றவுடன் செயற்கை அறிவை மட்டும் நினைக்கும் மாணவர்கள் கவனிக்க வேண்டிய வாயில் இது.

நம்பிக்கையே ஆபத்தாகும் இடம்

2009இல் த்ரனின் தலைமையில் கூகுள் தொடங்கிய திட்டத்தில் சேர, கார்னகி மெலனிலிருந்து அர்ம்சன் கலிஃபோர்னியா சென்றார். சான் ஃபிரான்சிஸ்கோவின் வளைந்து இறங்கும் லம்பார்டு தெரு உட்பட, ஒவ்வொன்றும் 100 மைல் நீளமுள்ள பத்துப் பாதைகளை மனிதர் ஒருமுறைகூடக் குறுக்கிடாமல் கடப்பது அக்குழுவுக்கு இடப்பட்ட பணி. 2010இல் திட்டம் பொதுமக்களுக்கு அறிவிக்கப்பட்டபோது, கார்கள் சுமார் 2,25,000 கிலோமீட்டர் ஓடியிருந்தன.

மூன்றாவது கேள்வி இங்கே எழுந்தது. நெடுஞ்சாலையில் மட்டும் தானே ஓடி, தேவைப்படும்போது மனிதரிடம் பொறுப்பை ஒப்படைக்கும் அமைப்பை நிறுவனத்தின் ஊழியர்களிடமே கொடுத்துப் பார்த்தபோது, சாலையைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொல்லப்பட்டிருந்தும் அவர்கள் விரைவிலேயே வேறு வேலைகளில் மூழ்கியதையும், ஒருவர் உறங்கியே போனதையும் உள்ளிருந்த கேமராக்கள் காட்டின. ஊர்தி மோசமாக ஓடியிருந்தால் அவர்கள் விழிப்போடு இருந்திருப்பார்கள். அது நன்றாக ஓடியதே கவனக்குறைவுக்குக் காரணமாயிற்று. இவ்வாறு பாதிப் பொறுப்பை மனிதரிடம் விட்டுவைப்பதைக் கைவிட்டு, முழுப் பொறுப்பையும் ஏற்கும் ஊர்தியை மட்டுமே உருவாக்குவது என்று அக்குழு முடிவுசெய்தது. மனிதரின் கவனம் எவ்வாறு தளர்கிறது என்ற உளவியல் கேள்வி பொறியியல் முடிவொன்றைத் தீர்மானித்த இடம் இது.

2016 பிப்ரவரியில் மவுண்டன் வியூ நகரில் மற்றொரு பாடம் கிடைத்தது. வழியிலிருந்த மணல் மூட்டைகளைத் தவிர்த்துத் தடத்தின் நடுப்பகுதிக்குத் திரும்பிய கூகுள் கார், பின்னால் வந்த பேருந்து தனக்கு வழிவிடும் என்று கணித்தது; பேருந்து விடவில்லை. யாருக்கும் காயமில்லை என்றாலும், பெரிய ஊர்திகள் எளிதில் வழிவிடுவதில்லை என்ற உண்மை அதன்பின் மென்பொருளில் சேர்க்கப்பட்டது. நகரப் பேருந்தின் எதிரே இருசக்கர ஊர்தி ஓட்டிய எவருக்கும் தெரிந்த அந்த நடைமுறை ஞானத்தை இயந்திரம் மோதியே கற்க வேண்டியிருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அர்ம்சன் கூகுளிலிருந்து விலகினார்.

நிறுவுதல் என்னும் பணி

நன்றாக ஓடுகிறது என்பதும் பாதுகாப்பானது என்பதும் ஒன்றல்ல. அமெரிக்காவில் மனிதர் ஓட்டும் ஊர்திகள் பத்துக் கோடி மைல் ஓடும்போது ஏறத்தாழ ஓர் உயிரிழப்பு நேர்கிறது. எனவே உயிரிழப்பு விகிதத்தில் ஓர் இயந்திரம் மனிதரைவிட மோசமானதன்று என்பதை ஓட்டிக் காட்டியே 95 விழுக்காடு உறுதியோடு நிறுவ வேண்டுமானால், உயிரிழப்பு ஒன்றுகூட நேராமல் 27.5 கோடி மைல், அதாவது சுமார் 44 கோடி கிலோமீட்டர் ஓட்ட வேண்டும் என்று ராண்ட் ஆய்வு நிறுவனம் 2016இல் கணக்கிட்டது. நூறு கார்கள் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் இரவுபகல் ஓடினாலும் அதற்குப் பன்னிரண்டரை ஆண்டுகள் ஆகும். இடையில் மென்பொருள் மாறினால் பழைய கணக்கும் முழுமையாகச் செல்லாது.

2018 மார்ச்சில் அரிசோனாவின் டெம்பி நகரில், ஊபர் நிறுவனத்தின் சோதனை ஊர்தி, இரவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண் ஒருவரை மோதியதில் அவர் உயிரிழந்தார். ஊர்தியின் உணரிகள் ஐந்து நொடிகளுக்கு மேல் முன்பாகவே அவரைக் கண்டிருந்தும், மென்பொருள் அவரை ஊர்தி, சைக்கிள், இன்னதென்று தெரியாத பொருள் என மாற்றி மாற்றி வகைப்படுத்தி, ஒவ்வொரு முறையும் அவர் செல்லும் திசையைப் புதிதாகக் கணிக்கத் தொடங்கியதையும், பாதசாரிக் கோட்டுக்கு வெளியே ஒருவர் சாலையைக் கடக்கக்கூடும் என்பதே அதில் கருதப்படாததையும், கண்காணிக்க வேண்டிய மனிதர் தம் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்ததையும் அரசு விசாரணை வெளிப்படுத்தியது. கண் பழுதில்லை, வடிவமைத்தவர்களின் கற்பனைதான் சுருங்கியிருந்தது.

அரோராவில் அர்ம்சன் எதிர்கொண்டது இந்த நான்காவது கேள்வியை. டெஸ்லாவின் ஆட்டோபைலட் பிரிவை நடத்திய ஸ்டெர்லிங் ஆண்டர்சன், இயந்திரக் கற்றல் அறிஞர் பாக்னெல் ஆகியோருடன் தொடங்கப்பட்ட அந்நிறுவனம், 2021இல் ஊபரின் ஓட்டுநரில்லா ஊர்திப் பிரிவையே வாங்கியது. பாதுகாப்பு வாதம் என்று தமிழில் சொல்லத்தக்க முறையை அது 2021இல் வெளிப்படையாக வகுத்தது. அணுமின் நிலையம், விமானம், ரயில் ஆகிய துறைகளில் வழங்கிவரும் இம்முறையில், இந்த ஊர்தி இந்தச் சாலையில் ஓடத் தகுதியானது என்ற முடிவு நீதிமன்ற வாதம் போலப் பல துணைக்கூற்றுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் சோதனைச் சான்று இணைக்கப்படும். கருவி பழுதானால் என்ன நேரும், பிழை தெரியவந்தால் எவ்வாறு திருத்தப்படும் என்பவையும் அதில் அடங்கும். நிரல் எழுதத் தெரிந்தவர் மட்டுமன்றி, வாதத்தை ஒழுங்காக எழுதத் தெரிந்தவரும் இங்கே பொறியாளரே.

கார்களை விட்டுச் சரக்கு லாரிகளை அந்நிறுவனம் முதலில் தேர்ந்தெடுத்ததும் இதே தர்க்கத்தால்தான். நெடுஞ்சாலையில் பாதசாரிகள் குறைவு. ஆனால் 36 டன் எடையுள்ள லாரி நிற்க நூறு மீட்டருக்கும் மேலான தொலைவு தேவைப்படுவதால் அது வெகுதூரம் பார்த்தாக வேண்டும். அதற்கு அரோரா கையாளும் லைடார், ஒளி திரும்பும் நேரத்தோடு அதன் அதிர்வெண் மாற்றத்தையும் அளக்கிறது. நெருங்கிவரும் ரயிலின் ஊதல் ஒலி உயர்ந்தும் விலகிச் செல்லும்போது தாழ்ந்தும் கேட்பதைப் போன்றதே இது. இதனால் எதிரேயுள்ள பொருளின் தொலைவோடு வேகமும் உடனே தெரிந்துவிடுகிறது.

காலியான இருக்கை

2025இல் டெக்சாஸ் மாநிலத்தின் டாலஸ், ஹூஸ்டன் நகரங்களுக்கு இடையே ஓட்டுநர் இருக்கை காலியாக இருக்க, அரோராவின் லாரி வணிகச் சரக்கோடு ஓடத் தொடங்கிய செய்தி மே முதல் நாள் வெளியாயிற்று. சில வாரங்களுக்குள், லாரியைத் தயாரித்த நிறுவனம் தன் வண்டியின் சில முன்மாதிரிப் பாகங்களைக் காரணம் காட்டிக் கேட்டுக்கொண்டதால், அந்த இருக்கையில் ஒரு பார்வையாளர் மீண்டும் அமர்த்தப்பட்டார். அவர் ஓட்டவில்லை, ஆனால் இருந்தார். இயந்திரம் ஓட்டத் தெரிந்துகொண்ட பின்னும், அது தொடர்புடைய அனைவரையும் ஏற்கச் செய்யும் பணி முடிந்துவிடவில்லை என்பதை அந்த இருக்கை காட்டியது.

இத்துறைக்கு வர விரும்பும் மாணவர் கணிதத்திலும் நிரலாக்கத்திலும் உறுதியான அடித்தளம் பெற்று, கட்டுப்பாடு, இயந்திரக் கற்றல், நிகழ்நேர அமைப்பு, பாதுகாப்புப் பொறியியல் ஆகியவற்றுள் ஒன்றில் ஆழ்ந்து, மற்றவற்றின் மொழியைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு அறிந்திருந்தால் எந்தப் பட்டத்தோடும் உள்ளே வரலாம். 2016 முதல் இதற்கான இணையவழிப் படிப்புகளும் வந்துவிட்டன. எனினும் சிறிய ஊர்தியேயானாலும் தானே ஒன்றைச் செய்து, வெயிலிலும் புழுதியிலும் ஓடவிட்டு, அது நின்ற இடத்துக்கு நடந்துபோய்க் காரணம் தேடிய அனுபவத்துக்கு மாற்று எதுவுமில்லை.

அதோடு கால அளவைப் பற்றிய பணிவும் தேவைப்படும். 2015இல் ஒரு மேடை உரையில் அர்ம்சன், தம் மூத்த மகனுக்கு அப்போது வயது 11 என்றும், நான்கரை ஆண்டுகளில் அவன் ஓட்டுநர் உரிமம் பெறும் வயதை எட்டும்போது அதற்குத் தேவையில்லாமல் செய்வதே தம் குழுவின் உறுதி என்றும் கூறினார். அவர் குறிப்பிட்ட காலம் கடந்த 2020இல், பொதுமக்கள் ஓட்டுநரில்லாக் காரை அழைத்துப் பயணம் செய்யும் வசதி, அவர் விட்டுவந்த திட்டத்தின் மறுபெயரான வேமோ மூலம், பீனிக்ஸ் நகரின் புறப்பகுதியில்தான் தொடங்கியிருந்தது. அவரது சொந்த லாரிகள் அதற்கு இன்னும் ஐந்து ஆண்டுகள் காத்திருந்தன. சாலையைக் கணித்த அளவுக்குக் காலத்தை அவர்களால் கணிக்க முடியவில்லை. ஆனால் 12 கிலோமீட்டரைக்கூட எட்டாமல் பாலைவன மேட்டில் தட்டி நின்ற ஊர்தியின் அருகே தொடங்கிய அந்தக் கல்வி, இருபத்தோர் ஆண்டுகளில் நெடுஞ்சாலை லாரி வரை வந்து சேர்ந்தது.